இரண்டு நாள் வித்தியாசம்

“ரெண்டே ரெண்டு நாள், மேடம்! ரெண்டு நாளைக்காக ஒரு குழந்தையோட எதிர்காலத்தையே காலால உதைப்பீங்களா?”

பம்புக்காரர் மேஜையைத் தட்டிய தட்டில், கால்பந்துச் சங்கச் செயலாளரின் விசில் உருண்டு கீழே விழுந்தது. அந்த அம்மாள் குனிந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, பழைய இடத்தில் வைத்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையிலிருந்து அவரிடம் வந்து கத்திய அப்பாக்களில் இவர் ஒன்பதாவது.

மைதானத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்த அறைதான் சங்க அலுவலகம். கூரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். பம்புக்காரர் கோபத்தில் முன்னும் பின்னும் நடந்ததில் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டார். அதற்கும் சங்கம்தான் காரணம் என்பதுபோல் முறைத்தார்.

அவருடைய பதினொரு வயது மகள், முழங்காலில் காய்ந்த சேற்றோடு, மூலையில் இருந்த பந்து மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். இத்தனை வருஷம் ஜனவரியில இருந்து டிசம்பர் வரைக்கும் பிறந்தவங்க ஒரே அணி. இனிமே கணக்கு ஆகஸ்ட் ஒண்ணுல ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி பிறந்தவங்க மேல் பிரிவுக்குப் போகணும். உங்க பொண்ணு ஜூலை முப்பது.”

செயலாளர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். மகள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, ஒரு நிமிஷம்...”

“நீ சும்மா இரு கண்ணு, அப்பா பேசிக்கிட்டிருக்கேன்ல? மேடம், இவ சின்னவங்க அணியில இருந்தா கேப்டன். மேல அனுப்பினா பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. போன வருஷம் மட்டும் இருபத்து மூணு கோல்! அதுல ஆறு இடது கால்ல. ஒண்ணு தலையால.”

“அது முதுகுல பட்டுப் போச்சுப்பா.”

“எதுல பட்டா என்ன, போச்சுல்ல?”

மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பம்பு விற்பவர் அவர். ஆனாலும் எந்த ஆட்டத்தின் கோல் எண்ணிக்கையையும் தவறவிட்டதில்லை. இடைவேளையில் ஒரு போன், முடிந்ததும் ஒரு போன். இப்படி ஒரு அப்பன் ஊரில் இன்னொருத்தன் இருந்தால் காட்டட்டும் என்று அவர் மனைவியிடமே பல முறை சவால் விட்டிருக்கிறார்.

“கத்தறதுல பிரயோஜனம் இல்ல சார். பிறப்புச் சான்றிதழ் நகலை மூணு தடவை கேட்டாச்சு, நீங்க தரவே இல்ல. இந்தப் படிவத்துல நீங்க கையால எழுதின தேதிதான் இருக்கு. முதல்ல சான்றிதழைக் கொண்டு வாங்க, பார்ப்போம்.”

பம்புக்காரர் நடையை நிறுத்தினார். அவருடைய முகம் சிவந்தது.

“ஓஹோ! புரியுது, புரியுது. வேற தேதி போட்டு ஒண்ணு தயார் பண்ணிக் கொண்டு வரச் சொல்றீங்க?”

“ஐயோ, நான் அப்படிச் சொல்லவே...”

“டைல்ஸ் கடைக்காரர் பையன் மூணு வருஷமா பதினொரு வயசுலயே நிக்கறான். மீசையே அரும்பிடுச்சு! நான் அந்த ரகம் இல்ல மேடம். பெத்த பொண்ணோட பிறந்த நாளை மாத்தறவன் மனுஷனா? தோத்தாலும் தோப்பேனே தவிர, அந்தத் தேதியில கை வைக்க மாட்டேன்!”

“அப்பா, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் திடீரென்று தழைந்தது.

“ஜூலை முப்பது. அந்த நாளை எப்படி மேடம் மறப்பேன்? காலையில இருந்து தூறல். வீட்டுக்குக் கொண்டு வந்தப்ப தெருவே கூடி வேடிக்கை பார்த்துச்சு. தொடவே பயமா இருந்துச்சு எனக்கு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. நாலு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். நம்மளுதுதானா, நம்மளுதுதானான்னு மனசு அடிச்சுக்குது.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தத் தேதியாலயே என் பொண்ணு ஓரமா உட்காரணும்னா, பெத்த மனசு என்ன பாடு படும்னு யோசிச்சுப் பாருங்க.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். மற்ற எட்டு அப்பாக்களும் சட்டம் பேசினார்கள், ஆள் பலம் காட்டினார்கள். ஒருத்தர்கூட அழவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரு அரை மார்க் கூடுதலாகப் போட்டறியாத அவரே அந்தப் படிவத்தை எடுத்துத் தனியாக வைத்தார்.

“சரி சார். ரெண்டு நாள் சலுகை தர முடியுமான்னு கமிட்டியில நானே பேசறேன். அது வரைக்கும் அணிப் பட்டியலை போர்டுல ஒட்டல.”

பம்புக்காரர் எழுந்து, சரிவுப் பக்கம் போகாமல் ஜாக்கிரதையாக நிமிர்ந்து, மகளை வெற்றியோடு பார்த்தார்.

“பார்த்தியா? அப்பான்னா இப்படி நிக்கணும்!”

செயலாளர் சிரித்தபடி அவளை அருகில் அழைத்தார். “வந்ததுல இருந்து என்னமோ சொல்லத் துடிக்கறியே, என்னம்மா அது?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். இந்த முறை அவர் தடுக்கவில்லை. நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்துத் தலையாட்டினார்.

“நான் பிறந்தது செப்டம்பர் பதினாலு, மேடம்,” என்றாள் மகள். “ஜூலை முப்பது, அப்பா கார் வாங்கின நாள்.”