கைக்குக் கிட்டே இருந்த தம்ளர்

அவர் பேச ஆரம்பித்து நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது.

கையோடு கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலும் காலி.

இந்தத் தெருவுக்கு அவர் எப்போது வந்தாலும் பாட்டிலும் கூடவே வரும். இங்கே யார் வீட்டிலும் ஒரு வாய் வாங்கிக் குடித்தவரில்லை.

மேஜைக்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள். கல்லூரி ஆய்வகத்துக்காரி. நாற்காலி அவருக்கு மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

களைக்கொல்லிக் கடை தனவேலு. தெருக் கிணற்றைச் சுற்றியிருக்கும் மக்காச்சோளக் காடும் அவருடையதே. கிணற்றையொட்டி இனி மருந்து அடிப்பதில்லை என்று அவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் தெருவே வேலையை விட்டுவிட்டுச் சமுதாயக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

தண்ணீரில் கலந்த மருந்தை அளக்கும் கருவியின் கரி பூசிய பட்டையை அவள் கிணற்றுத் தண்ணீரில் எல்லார் முன்னாலும் முக்கிக் காட்டியிருந்தாள். கருவி பதினொன்று என்றது. இரண்டைத் தாண்டினால் குடிக்கக் கூடாது.

அதே தண்ணீரைக் கொட்டாங்குச்சிக் கரி அடைத்த குழாயில் வடித்து, மறுபடி முக்கினாள்.

ஒன்றுகூட இல்லை.

இரண்டும் இப்போது மேஜைமேல், இரண்டு தம்ளர்களில். கிணற்றுத் தண்ணீர் அவர் கைக்குக் கிட்டே. வடித்தது சற்றுத் தள்ளி. எது எது என்று அவள் சொல்லித்தான் வைத்தாள். பார்வைக்கு வித்தியாசமில்லை.

"அடுப்புக்கரி ஜோசியம் சொல்லுதாக்கும்? ஏம்மா, மருந்து மண்ணுல பட்டதுமே செத்துரும். இந்தக் கிணத்துத் தண்ணி எளநி மாதிரில்ல இருக்கு!"

இருபது வருஷமாக மருந்து விற்கிறவர். அது எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு நாளாவது யோசித்திருப்பாரா? யோசிக்காமலே இவ்வளவு நேரம் பேச முடிகிறதே என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இளநி என்று சொன்ன வாயை மூடவில்லை. விக்கல் வந்தது.

இன்னொன்று.

பாட்டிலைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. மூன்றாவது விக்கலில் கண் பிதுங்கியது.

கை மேஜைக்குப் போயிற்று.

கிட்டே இருந்த தம்ளரைத் தாண்டிப் போயிற்று.

தள்ளியிருந்ததை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். விக்கல் நின்றது. வாயைத் துடைத்துக்கொண்டார்.

பேச்சை எங்கே விட்டோம் என்று அவருக்கு நினைவு வரவில்லை.

கிட்டே இருந்த தம்ளர் ததும்பத் ததும்ப அப்படியே இருந்தது.

அதைத் தினமும் குடிக்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.