வேர்க்கடலைத் தோல்

மாமியாரை ரயிலேற்றிவிட்டு வந்ததோடு சரி, ஷ்வேதா வீட்டைப் பெருக்குவதையே நிறுத்திவிட்டாள்.

இதைக் கண்டுபிடித்தவள் கீழ்வீட்டு ஹம்சா. டில்லி கோல் மார்க்கெட் சர்க்கார் குவார்ட்டர்ஸில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் அவளுக்குத் தெரியாமல் போகாது. அதிலும் இரண்டு வீட்டுக்கும் வேலைக்காரி ஒருத்திதான். அன்று காலை மாடிக்குப் போன வேகத்தில் திரும்பி வந்த அந்தப் பெண், மேல்வீட்டு மேடம் இன்றைக்கும் பெருக்க வேண்டாமென்று சொல்லிவிட்டதாக இந்தியில் சொல்லிச் சிரித்துவிட்டு, ஹம்சா வீட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஹம்சாவின் கணவர் வேதாந்தம் அன்று விடியற்காலையில்தான் ஆபீஸ் டூரில் ப்ளேனில் கௌஹாத்திக்குக் கிளம்பிப் போயிருந்தார். வீட்டில் பேச ஆளில்லை. ஆகவே ஹம்சா மாடியேறினாள்.

ஷ்வேதாவின் மாமியார் அனந்தலக்ஷ்மிக்கு இரண்டு வீடு. பாதி வருஷம் மாயவரத்தில் தங்கையோடு, பாதி வருஷம் டில்லியில் மகன் ஷ்ரவணோடு. எந்த ஊரில் இருக்கிறாளோ அந்த ஊர்தான் அவளுக்கு உசத்தி. மாயவரத்தில் இருந்தால் வாசலுக்கு வரும் பூக்காரியோடு தினம் ஒரு சண்டை, அப்புறம் அவளுக்கே காப்பி. டில்லியில் இருந்தால் பால்கனி வெயிலில் பிரம்பு மோடாவைப் போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் வரைக்கும் வேர்க்கடலை உரிப்பது. ரெண்டும் என் வீடுதான், எங்கே இருந்தாலும் சந்தோஷம்தான் என்பாள்.

ஹம்சாவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பிள்ளை வீட்டில் எத்தனை மாசம் இருந்தாலும் மாமியார் விருந்தாளிதான், மருமகள் பஞ்சாபி என்றால் கேட்கவே வேண்டாம் என்பது அவள் கட்சி. பாவம், மாமி வெள்ளை மனசு என்று பரிதாபப்படுவாள்.

மேலே போய்ப் பார்த்தால், பரிதாபப்பட்டது சரிதான் என்று தோன்றியது.

ஹாலில் பெட்டி கட்டிய கயிற்றுத் துண்டு, பழைய பேப்பர், சிந்திய கோலமாவு. பால்கனியில் மாமி கிளம்பிய அன்று உரித்துப் போட்ட வேர்க்கடலைத் தோல் அப்படியே கிடந்தது. அதன் நடுவே ஷ்வேதா மாமியாரின் மோடாவில் சப்பணமிட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஊடே கடலையை உரித்து வாயில் போட்டாள். தோல் அதே குவியலில் விழுந்தது.

உடம்பு சரியில்லையா, வேலைக்காரியை ஏன் திருப்பி அனுப்பினாய் என்று ஹம்சா விசாரித்தாள்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் ஆன்ட்டி," என்று ஷ்வேதா சிரித்து, ஒரு பிடி கடலையை நீட்டினாள். "வெயில் அச்சா இருக்கு. உக்காருங்க, மூங்ஃபலி சாப்பிடுங்க."

ஹம்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமி இருந்தவரைக்கும் இந்த வீடு ஒரு நாள் இப்படிக் கிடந்திருக்குமா? ஆள் அந்தண்டை போனதும் என்ன ஒரு கொண்டாட்டம்! அடுத்த குளிருக்கு வர வேண்டாம், மாயவரத்திலேயே கௌரவமாக இருங்கள் என்று இன்றைக்கே மாமியிடம் சொல்லிவிட வேண்டியதுதான். சொல்லாமல் இருந்தால்தான் பாவம்.

நினைத்து முடிப்பதற்குள் மாமியே போனில் வந்தாள். கையெல்லாம் கடலைத் தூசி என்பதால் ஷ்வேதா ஸ்பீக்கரில் போட்டாள். ஹம்சா மோடா பக்கமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வந்து சேர்ந்துட்டேன்டி," என்றாள் மாமி. "பனிமூட்டத்துல ரயில் நின்னு நின்னு, மெட்ராஸ் வரவே ஒரு நாள் லேட். அங்கேர்ந்து மாயவரம் வண்டி கெடைக்கல. பஸ்ஸைப் பிடிச்சு இப்பத்தான் வந்தேன்."

"வீட்டு உள்ள போயாச்சாம்மா? பக்கா?"

"உள்ளே வந்து காப்பியும் குடிச்சாச்சு. நீ மொதல்ல எழுந்து வீட்டைப் பெருக்கு. எத்தனை நாழி குப்பைலயே உக்காந்திருப்பே?"

ஷ்வேதா போனை வைத்துவிட்டு, லேப்டாப்பையும் மூடிவைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து, விளக்குமாற்றை எடுத்து வந்தாள்.

ஹம்சா போனை விட்டு ஷ்வேதா பக்கம் திரும்பினாள்.

"ஊருக்குப் போனவா போய்ச் சேர்ற வரைக்கும் பெருக்கக் கூடாதுன்னு உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல ஆன்ட்டி. ஷ்ரவண் டூர் போனா அம்மா இந்த ஜாடுவை ஒளிச்சு வெச்சுடுவாங்க. அவர் போன் பண்ணினாத்தான் அது வெளிய வரும். நான் பாத்திருக்கேன்." தோலை ஒரு பக்கமாகக் கூட்டினாள். "கெஸ்ட் வந்துட்டுப் போனா நான் உடனே க்ளீன் பண்ணிடுவேன். அம்மா கெஸ்ட் இல்லையே. காலைக் கொஞ்சம் தூக்குங்க."

ஹம்சா காலைத் தூக்கினாள். பிறகு கீழே இறங்கி வந்தாள்.

வீட்டுத் தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. எங்கே பார்த்தாலும் பினாயில் வாசனை. காலையில் அவசர அவசரமாகக் குடித்துவிட்டு வேதாந்தம் வைத்துப்போன காப்பி டம்ளரின் வட்டம்கூட மேஜையில் இல்லை. பளிச்சென்று துடைத்திருந்தாள் வேலைக்காரி. கும்பகோணத்துக்காரி ஹம்சாவுக்கு வெட்கமாக இருந்தது.

போனை எடுத்து அவர் நம்பரைப் போட்டாள்.

"போய்ச் சேர்ந்தேளா?"

டூர் போனவருக்கு அவளாகப் போன் போட்டது இதுதான் முதல் தடவை.

"என்ன ஆச்சு ஹம்சா?" என்று பதறினார் வேதாந்தம். "ஆத்துல ஏதாவது பிரச்சனையா?"