டிரையருக்குப் பின்னால்

பிடிபட்டால் வேலை போகும் என்று கஜேந்திரனுக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்தச் சாக்கைத் தேயிலை உலர்த்தும் டிரையருக்குப் பின்னால் தள்ளினான்.

தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். கருவாட்டுச் சோற்றோடு இஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், வந்த தொழிலாளி மூக்கனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியவர், தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் பத்திநாதன். அவர் மூக்கென்றால் இஸ்டோருக்கே பயம்.

சூடு ஏறியது. சாக்கும் நாறத் தொடங்கியது.

"என்னடா நாத்தம்?"

பின்னால் பத்திநாதன்!

"ஒண்ணுமில்லீங்கய்யா..."

"என் மூக்கு என்ன செத்தா போச்சு? எடுடா வெளிய!"

கஜேந்திரன் சாக்கை இழுத்து அவிழ்த்தான். உள்ளே ஒரு பொய்க்கால்.

"யாருக்கு?"

"என் பொஞ்சாதி காளியாயிக்குங்க. மண்சரிவுல கால் போச்சுங்களே..."

"அதுக்கு இஸ்டோர் என்ன ஆஸ்பத்திரியா?"

"ஹட்டன் டவுனு ஃபாஸில் பாய் செஞ்சு குடுத்தாருங்க. கல்லா இறுகுற ரெசின் பிசினையும் வளைஞ்சு குடுக்குற ரெசினையும் கலந்து வார்த்திருக்காரு. இந்தக் குளிருக்கு இறுக மாட்டேங்குது. பிசுபிசுன்னே கெடக்கு."

"இறுக வைக்கிற மருந்தக் கூட ஊத்தச் சொல்றதுதானே?"

"சொன்னேங்க. 'ஊத்தினா சட்டுனு இறுகும். அவ சரிவுல கால வச்சதும் படார்னு வெடிக்கும், சம்மதமா?'ன்னு கேட்டாரு. மெதுவாச் சூடு குடுத்தாத்தான் ரெண்டும் ஒண்ணாப் புடிக்குமாம். லயத்து வீட்டுல அந்தச் சூட்டுக்கு நான் எங்கங்கய்யா போவேன்?"

பத்திநாதன் குனிந்து பொய்க்காலைத் தொட்டுப் பார்த்தார்; விரல் ஒட்டியது.

கதவு திறந்தது. தோட்டத்து மேனேஜர், பெரிய தொரை! உள்ளே வந்ததும் முகத்தைச் சுளித்தார். கஜேந்திரன் சாக்கின் முன்னால் நகர்ந்து நின்றான்.

"என்ன வாடை இது, பத்திநாதன்?"

வேலை போனால் கஜேந்திரன் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். ஒற்றைக் காலோடு இருப்பவளை எங்கே கூட்டிப் போவான்?

பத்திநாதன் அவனை நோக்கிக் கையை நீட்டினார்.

"எல்லாம் இவனாலதான் சார்!"

கஜேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"டிரையரச் சரியாத் தொடைக்கல. பழைய எண்ணெய் கருகுது. இன்னைக்கு இதுல தூள் போட்டா அம்புட்டும் வீணாப் போயிரும். வெறுமனே ஓட்டி வாடையப் போக்கணும். மத்த டிரையர் போதும்."

"அவனக் கண்டிச்சு வைங்க."

தொரை போய்விட்டார்.

பத்திநாதன் கதவைச் சாத்தினார். சாக்கைக் காலால் டிரையர் பக்கம் தள்ளினார்.

"எவ்வளவு நேரம்டா சூட்டுல வைக்கச் சொன்னான் அந்த ஃபாஸில்?"