மலிவு ட்ரிப்

"ரூம் ஒண்டும் வேண்டாம். விடிய பஸ்ஸில போய், பின்னேரம் பஸ்ஸிலயே வாறது. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போன மாதிரியே போவம்."

லவன் இப்படிச் சொன்னதும் மனைவி உஷாந்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வங்கியில் நல்ல உத்தியோகம், கொழும்பு வெள்ளவத்தையில் சொந்த ஃபிளாட். பிள்ளைக்கு முதன்முதலாக நுவரெலியா காட்ட, பாண் பொட்டலத்தோடு பஸ்ஸில் போவார்களா?

லவனுக்கு அதெல்லாம் ஏறவில்லை. லண்டன், சிங்கப்பூர் எல்லாம் பார்த்துவிட்டான். ஆனால் ஏழு வயதில் அப்பாவோடு நுவரெலியா ஏரிக்கரையில் திரிந்த அந்த ஒரு நாளுக்கு எதுவும் ஈடாகவில்லை. ஒரே ஒரு குறைதான். அதற்குப் பிறகு அப்பா ஒருநாளும் அங்கே கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் கேட்டு அழுதிருக்கிறான். "குளிர் எனக்கு ஒத்துவராது" என்று ஒரே பதில்தான். அப்பா பாலசுந்தரம் ஒரு சரியான கஞ்சன் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டான். அதைப் பகிடியாகச் சொல்லுவான், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் கோபமும் இருந்தது.

இந்தமுறையும் அவர் மறுத்தார். பேத்தி ஹம்சிகா மடியில் ஏறியிருந்து கெஞ்சிய பிறகுதான், லவனின் அம்மா நாகேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.

ஏரியைக் கண்டதும் லவன் சின்னப் பெடியனாகிவிட்டான். கரையில் எல்லாரையும் இருத்தி, பாணையும் சம்பலையும் பிரித்து வைத்துக்கொண்டு மகளுக்குக் கதை சொல்லத் தொடங்கினான். அன்றைக்கு இருட்டோடு எழுப்பி, பல்லுக்கூடத் தீட்ட விடாமல் பஸ்ஸில் ஏற்றியது. ஸ்வெட்டர் இல்லாமல் அப்பாவின் சேர்ட்டுக்குள் புகுந்துகொண்டது. ஒரு சோளப்பொத்தியை மூன்று பேரும் மாறி மாறிக் கடித்தது.

போன் எடுக்கக் கடைக்குப் போகவேண்டியிருந்த காலம் அது. அப்பா அடிக்கடி கொமியூனிகேஷன் கடைக்குப் போய் யாரோடோ கதைத்துவிட்டு வருவார். வந்ததும், இன்னொருக்கா ஏரிக்கரையால் ஓடுவோமா என்று கேட்பார். தோளில் தூக்குவார், பந்தயம் வைப்பார், வேண்டுமென்றே தோற்றுப் புல்லில் விழுவார். அம்மா கால் நோகுது என்றாலும் விடமாட்டார்.

"அப்பா என்னோட அப்பிடி விளையாடினது அந்த ஒரு நாள்தான்" என்றபோது லவனின் குரல் இளகிவிட்டது. அதை மறைக்கவோ என்னவோ, உடனே பகிடிக்குத் தாவினான்.

"அண்டைக்கும் ஒபிஸை விட்டனீங்களோ? அவ்வளவு போனும் ஒபிஸுக்குத்தானே எடுத்தனீங்கள்?"

பாலசுந்தரம் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்.

"ஓம் தம்பி. கணக்கு முடிக்கிற நேரம்."

"ஒரு ரூம் எடுக்கேல்ல. படகில ஏத்தேல்ல. உங்களை மாதிரிக் கஞ்சனை நான் கண்டதில்லையப்பா."

உஷாந்தியும் சேர்ந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு எழுந்து, குதிரை பார்ப்போம் என்று ஹம்சிகாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அவர் தூரப் போகும்வரை பார்த்திருந்துவிட்டு நாகேஸ்வரி பாண் துண்டைக் கீழே வைத்தார்.

"தம்பி, இனி அந்தச் சொல்லை அவருக்குச் சொல்லாத."

"பகிடிக்குத்தானம்மா."

"அது ட்ரிப் இல்லை, லவன்."

அம்மா தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார். கொழும்பில் குண்டு வெடித்த கிழமை அது. முதல்நாள் இரவு கீழ்வீட்டு ஜவாத் மேலே வந்து, விடிய எங்கள் ஒழுங்கையில் ஆமி ரவுண்டப், தமிழ் ஆம்பிளைகளை ஏற்றப் போகிறார்கள் என்று காதில் போட்டுவிட்டுப் போனாராம். பெற்றா பஸ் நிலையத்தில் முதலில் வெளிக்கிட நின்றது நுவரெலியா பஸ். சின்னப் பிள்ளையோடு ட்ரிப் போகிறோம் என்றால் வழியில் மறித்தாலும் விடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. யாழ்ப்பாணம் என்று எழுதின அடையாள அட்டையைக் காட்டி எந்த லொட்ஜில் ரூம் கேட்பது? போன் எல்லாம் ஜவாத்துக்குத்தான். ஆமி இன்னும் நிற்குது, வராதேயுங்கோ என்பதே ஒவ்வொருமுறையும் பதில். பொழுதுபடத்தான் ஆமி போய்விட்டது என்ற சேதி கிடைத்தது. அன்றைக்கு லொறியில் ஏற்றிய முன்வீட்டுக்காரர் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேலானது.

"ஒவ்வொரு போனும் எடுத்திட்டு வரேக்குள்ள அவருக்குக் கை நடுங்கும். நீ அதைப் பாக்கக்கூடாது எண்டுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்."

இத்தனை வருஷமும் லவன் சிரித்துச் சிரித்துச் சொன்ன அந்தச் சொல் இப்போது அவன் நெஞ்சிலேயே குத்தியது.

"ஏனம்மா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல?"

"நான் எத்தினை தரம் வாயெடுத்தனான். அவர்தான் விடேல்ல. 'என்னைக் கஞ்சன் எண்டு சொன்னாச் சொல்லட்டும், அவனுக்கு அது ட்ரிப்பாவே இருந்திட்டுப் போகட்டும்' எண்டுவார்."