பவர் இல்லாத சோடாபுட்டி

சுவரில் மாட்டியிருந்த அட்டையின் கடைசி வரி எறும்பு அளவு எழுத்து. அதையும் அர்ச்சுனன் தடங்கலில்லாமல் படித்து முடித்தான்.

"உனக்குக் கண்ணாடி எதுக்கு தம்பி?" என்றார் கடைக்காரர் அப்துல் கனி.

"சோடாபுட்டிக் கண்ணாடி வேணுங்க பாய். பாக்கிறவங்களுக்குத் தடியா இருக்கணும். ஆனா எனக்கு எல்லாம் இப்ப மாதிரியே தெரியணும்."

தருமபுரி பஸ் ஸ்டாண்டு எதிரே கடை போட்ட நாளிலிருந்து கனி பாய் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. படிக்க ஒன்று, தூரத்துக்கு ஒன்று, வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ள ஒன்று என்று யார் எதைக் கேட்டாலும் பெங்களூரிலிருந்து தருவித்துக் கொடுப்பார். தடியாகவும் இருக்க வேண்டும், வேலையும் செய்யக் கூடாது என்றால் அந்த லென்ஸுக்கு எங்கே போவது?

ஆனாலும் வந்த கிராக்கியை விட மனசில்லை. பவர் இல்லாத வெறும் கண்ணாடியை மாட்டிவிட்டார். மெல்லிசாக இருக்கிறது என்று அவன் கழற்றிவிட்டான். கடையில் இருந்ததிலேயே தடியான லென்ஸை மாட்டினார். வாசற்படி எங்கோ பாதாளத்தில் தெரிய, கால் வைத்த அர்ச்சுனன் தெருவில் போய் விழுந்தான்.

புழுதியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தவன், ஷோகேஸ் கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தான். இதில் வெட்டிப் போட முடியுமா என்று கேட்டான்.

கனிக்குச் சந்தேகம் தட்டியது. துருவித் துருவி விசாரித்தார். ஊர் மாரண்டஹள்ளி, தக்காளி மண்டி வைத்திருக்கிறேன் என்றான். எதற்கு என்றால் மட்டும், கல்யாண விஷயம் என்று இழுத்தான்.

அவருக்கு விளங்கிவிட்டது. தருமபுரி தனி மாவட்டமாகி சர்க்கார் ஆபீஸ்கள் வந்ததிலிருந்து, கண்ணாடி போட்ட கிளார்க் மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் பறக்கிறார்கள்.

"தக்காளி விக்கிறது கேவலமா தம்பி? ஆபீஸர் வேஷம் போட்டுப் பொண்ணு வூட்டை ஏமாத்தலாமா? எனக்கும் கட்டிக்குடுக்கப் பொண்ணு இருக்கு. இந்தப் பாவத்துக்கு என் கடையில லென்ஸ் கெடையாது."

அர்ச்சுனன் பிடரியைச் சொறிந்தான்.

"பொண்ணு வூட்ல எல்லாம் தெரியுங்க பாய். சோடாபுட்டி போடறதே பொண்ணுதாங்க. எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. கண்ணாடி போட்ட மருமக வேணாம்னு எங்கம்மாதான் ஒத்தக் கால்ல நிக்குது. பெத்த மகனே போட்டுக்கிட்டு முன்னால போய் நின்னா, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வேணாங்கும்?"