மீன் வானில் ஒரு பெயர்

லோறன்ஸ் மீன் ஏற்றி ஓட்டும் வானில் பூட்டியிருந்த புளூடூத் ஹாண்ட்ஸ்ஃப்ரீ, அப்டேட் பண்ணும் ஒவ்வொரு தடவையும் அவனுடைய ஃபோனை மறந்துவிட்டு, அனிஸ்ரனின் ஃபோன் இணைந்திருப்பதாகத் திரையில் காட்டியது. அனிஸ்ரன் அவனுடைய தம்பி. போன மாரியில் ஃபோனையும் கொண்டு கடலுக்குப் போனவன். அவனும் திரும்பவில்லை, படகும் கிடைக்கவில்லை.

"அந்த ஃபோன் வானுக்குள்ள இருந்தாத்தான் இது பிடிக்கும்," என்றான் கிளிநொச்சி ஃபோன் கடைக்காரன். "சீற்றுக்குக் கீழ வடிவாப் பாத்தனீங்களோ?"

"சீற்றைக் கழட்டியே பாத்தனான்."

கடைக்காரன் புது அப்டேட்டைப் போட்டுப் பெயரை அழித்துக் கொடுத்தான். திரும்பும் வழியில் நாயாற்றுப் பாலம் வருவதற்குள் பெயர் திரும்பி வந்துவிட்டது.

இதை வைத்துக்கொண்டு என்ன தொழில் செய்வது? கொக்கிளாய்ப் படகுகள் கரை தெரிந்ததும் வான்காரனுக்கு மிஸ்கோல் அடிக்கும். இரண்டு தரம் அடித்து நின்றால் மீன் நிறைய, ஐஸோடு வா என்று அர்த்தம். வானின் இரைச்சலில் ஃபோன் கேளாமல் லோறன்ஸ் பிந்திப் போனதில், அந்தக் கிழமை ஒரு படகு மீன் முழுக்கப் பழுதாகிவிட்டது.

கரையில் வானை நிறுத்தி, தானே இன்னொரு அப்டேட்டைப் போட்டான். அனிஸ்ரனின் மனைவி பிரியந்தினி வந்து பக்கத்துச் சீற்றில் ஏறி இருந்தாள்.

"அழிக்காதேங்கோ அத்தான். அவர் உங்களோட வந்து போற மாதிரி இருக்கு."

"எனக்கு மட்டும் அழிக்க ஆசையே, பிள்ளை?"

அழிக்கும் பொத்தானை அழுத்தினான். பெயர் போய்விட்டது. அவனுடைய ஃபோன் இம்முறை ஒழுங்காக இணைந்தது.

உடனேயே மணி அடித்தது. அழைப்பது அனிஸ்ரன் என்றது திரை. இரண்டு தரம் அடித்து நின்றது.

இருவரும் கடலைப் பார்த்தார்கள். வெயிலில் அது வெறுமையாகக் கிடந்தது. பிரியந்தினி இறங்கிப் போய், வானின் பின்கதவைத் திறந்து பார்த்தாள்.

"இவ்வளவு ஐஸ் காணாது, அத்தான்," என்றாள்.