நெற்றிச் சூடு

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மருத்துவமனைக் கட்டிலில் தூங்கும் பையனின் போர்வைமேல் கோடு கோடாகப் போடுகிறது. ஒரே வருஷத்தில் மூன்றாவது முறையாக அவன் நுரையீரலில் அதே கிருமி. பக்கத்தில் அவன் அம்மா, எட்டு மாதக் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சோப்பில் ஊறி ஊறி அவள் விரல்கள் வெடித்திருக்கின்றன. கரண்டி, டம்ளர், பொம்மை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கொதிக்க வைத்தவள். அந்த வெந்நீரில் கழுத்துக் கோணிப்போன ரப்பர் வாத்து, யாரிடமோ கோபித்துக்கொண்டதுபோல் தலையணை ஓரம் கிடக்கிறது. "அப்ப நான் சரியாக் கழுவாததால இல்லையா, டாக்டர்?" "இல்லம்மா. இந்தக் கிருமி நிறையப் பேர் மூக்குல சும்மா கிடக்கும். இவன் உடம்புக்கு அதை எதிரின்னு அடையாளம் தெரியல. பிறவியிலேயே மரபணுல ஒரு கோளாறு. உங்ககிட்டருந்து பாதி, உங்க வீட்டுக்காரர்கிட்டருந்து பாதி வந்து சேர்ந்திருக்கு. பாப்பாவுக்கும் இருக்கான்னு பார்க்கத்தான் ரத்தம் எடுத்திருக்கோம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. இது இருக்கிற குழந்தைங்களுக்குக் கிருமி உள்ள பரவினாலும் காய்ச்சல் சட்டுன்னு வராது." டாக்டர் போகிறார். சலைன் ஒரு சொட்டு விழுகிறது, இன்னொன்று விழுகிறது. குழந்தை, கையில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்துக்கொண்டே, ஒரு தரம் இருமுகிறது. அம்மா அதைத் தன் பக்கம் திருப்பி முகத்தைப் பார்க்கிறாள். இவ்வளவு நேரம் சுவரோடு சுவராக நின்ற அப்பா குனிந்து, குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைக்கிறார். "ஒண்ணுமில்ல, சில்லுன்னுதான் இருக்கு" என்கிறார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைக்கிறது. கையை எடுக்காமல் அப்படியே நிற்கிறார்.